ஏற்றமும் நாடியும்

சேலத்துச் சமவெளியிலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறும் பாதை, கடல் மட்டத்துக்கு மேல் 1,000 அடிக்குச் சற்றுக் குறைந்த நிலத்தில் தொடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றிக் கடந்து, ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில் மனிதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோடை விழாவை ஒட்டி மே மாதத்தில் அங்கே வந்து குவியும் மக்களில் பெரும்பாலோர், இந்த உயரம் முழுவதையும் பஸ்ஸிலோ காரிலோ அமர்ந்தவாறே கடந்துவிட்டு, ஏரிக்கரையில் இறங்கியவுடன் குளிர்ந்த காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, இந்த மலையில் நாலு நாள் இருந்தால் இருதயத்துக்குப் புதுப்பலம் வந்துவிடும் என்று சொல்லி மகிழ்கிறார்கள். மலைவாசத்தால் ஆரோக்கியம் வளரும் என்னும் இந்த நம்பிக்கை இன்று நேற்று உண்டானதன்று. சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சி மலைமேல் வாசஸ்தலங்களை அமைத்துக்கொண்ட வெள்ளைக்கார அதிகாரிகளின் காலத்திலேயே அது வேரூன்றிவிட்டது. அதில் எவ்வளவு உண்மை உண்டு, அந்த உண்மை காற்றில் இருக்கிறதா, குளிர்ச்சியில் இருக்கிறதா, வேறெதிலாவது இருக்கிறதா என்று ஆராய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிஷம் பொறுமையாக எண்ணத் தெரிந்தால் போதும்.

நாடி பார்ப்பது நம் நாட்டாருக்குப் புதிதன்று. சித்த வைத்தியர்கள் நோயை அறியும் எட்டு வகைத் தேர்வுகளில் நாடிக்கு முதலிடம் தந்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் நோயாளியின் கையில் பதித்து, வாத பித்த கபங்களின் நிலையை உணர முயன்றார்கள். அவர்கள் கவனித்தது பெரும்பாலும் நாடியின் நடையை. நிமிஷத்துக்கு இத்தனை துடிப்பு என்று கடிகாரத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கம் வைத்திய உலகத்தில் நிலைபெறுவதற்கோ, ஜான் ஃப்ளாயர் என்னும் ஆங்கில வைத்தியர், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707-இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதி வழிகாட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு எண்ணும்போது, உழைப்பும் கலக்கமும் நீங்கித் தேகமும் மனமும் அமைதியுற்றிருக்கும் வேளையில் கிடைக்கும் எண்ணையே ஓய்வு நாடி என்கிறோம். வளர்ந்த மனிதருக்கு அது 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. பிறந்த குழந்தைக்கு 120-க்கு மேலும் இருக்கும். நீண்ட தூரம் ஓடிப் பழகியவருக்கு 40-ஐ ஒட்டியும் இருக்கும். நிமிஷத்துக்கு 72 என்று கொண்டால், ஒரு நாளில் இருதயம் துடிக்கும் எண்ணிக்கை 1,03,680 ஆகிறது.

இத்துடிப்பு எங்கே பிறக்கிறது? இருதயத்தின் வலது மேலறைச் சுவரில், மேற்பெருஞ்சிரை வந்து கலக்கும் இடத்தருகே, தானாகவே மின்துடிப்பை எழுப்பும் ஆற்றல் வாய்ந்த உயிரணுக்களின் தொகுதி ஒன்று உண்டு. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் 1907-இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். எந்த நரம்பின் கட்டளையும் இல்லாமல் அதைத் தன் போக்கில் விட்டுவிட்டால், இளைஞர் ஒருவரின் இருதயம் நிமிஷத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். அப்படியிருக்க, அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் நாடி 70 ஆகவோ 60 ஆகவோ இருக்கிறதென்றால், ஏதோ ஒன்று அதை ஓயாமல் அடக்கிவைத்திருக்கிறது என்பது தெளிவாகிறது. அந்த வேலையைச் செய்வது, மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வரும் வேகஸ் நரம்பு. ஆட்டோ லோவி என்னும் விஞ்ஞானி 1921-இல், ஒரு தவளையின் இருதயத்துக்குச் செல்லும் இந்நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்து, அந்த இருதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இருதயத்தில் செலுத்தியபோது, நரம்பின் தொடர்பே இல்லாத அந்த இரண்டாவது இருதயமும் தணிந்து துடிக்கக் கண்டார். நரம்பு தன் கட்டளையை ஓர் இரசாயனப் பொருளின் மூலம் அனுப்புகிறது என்னும் பேருண்மை அதனால் நிலைநாட்டப்பட்டது. அசெடில்கோலின் என்று பின்னர் உறுதிசெய்யப்பட்ட அப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக லோவியும் ஹென்றி டேலும் 1936-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பயமோ கோபமோ ஓட்டமோ நேரும்போது வேகஸின் பிடி முதலில் தளர்கிறது. பிறகு மற்றொரு நரம்புக் கூட்டமும் அட்ரினலினும் சேர்ந்து துடிப்பை மேலே மேலே ஏற்றுகின்றன. ஆகவே ஓய்வு நாடி என்பது இருதயத்தை மட்டும் அளப்பதன்று. இருதயத்தை ஆளும் நரம்புகளின் சமநிலையையும் சேர்த்தே அளப்பது.

அப்பியாசம் செய்பவரின் நாடி ஏன் குறைகிறது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஓய்வாக இருக்கும் தேகத்துக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் வேண்டும். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளும் இருதயம், அந்த 5 லிட்டரைக் கொடுக்க 70 முறைக்கு மேல் துடிக்க வேண்டும். துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் தள்ளவல்லது 50 முறை துடித்தால் போதும். ஒரே அளவுள்ள வயலுக்கு நீர் இறைக்கும் இரண்டு கவலைகளில், சால் பெரிதாக உள்ளது சில நடையிலேயே பாத்தியை நிரப்பிவிட, சிறிய சால் உள்ளதோ மாடுகளை ஓயாமல் முன்னும் பின்னும் நடக்கவிடுகிறது அல்லவா? நாள்தோறும் நடந்தும் ஏறியும் ஓடியும் பழகியவரின் இருதயத்தில் இடது கீழறை சற்று விரிந்து, சுவர் வலுப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான ரத்தத்தை ஏற்றுத் தள்ளுகிறது. இதனால் விளையும் நன்மை துடிப்புகள் மிச்சமாவது மட்டுமன்று. இருதயத் தசைக்குத் தேவையான ரத்தம், அந்தத் தசை சுருங்கும்போது தடைப்பட்டு, அது தளரும்போதுதான் நன்றாகப் பாய்கிறது. நிமிஷத்துக்கு 75 துடிப்பு இருக்கும்போது ஒரு துடிப்புக்குரிய 0.8 விநாடியில் ஏறக்குறைய 0.5 விநாடி தளர்ச்சிக்குக் கிடைக்கிறது. நாடி விரையும்போது சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. தளரும் நேரமே பெரிதும் குறைந்துவிடுகிறது. நிதானமாகத் துடிக்கும் இருதயம் தன் பசியைத் தானே தீர்த்துக்கொள்ள அவகாசம் பெற்றிருக்கிறது.

இந்த எண்ணுக்கும் ஆயுளுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பல தேசங்களில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1985-86-இல் பரிசோதிக்கப்பட்ட நடுவயது கடந்த 2,798 ஆடவர்களை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஓய்வு நாடி 50-க்கு மேற்படாதவர்களைவிட, 51 முதல் 80 வரை உள்ளவர்களுக்கு மரண அபாயம் 40 முதல் 50 சதவிகிதம் மிகுந்தும், 81 முதல் 90 வரை உள்ளவர்களுக்கு இருமடங்காகியும், 90-க்கு மேற்பட்டவர்களுக்கு மும்மடங்காகியும் இருந்தது. அவர்களுடைய தேக வலிமை, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு கிடைத்த முடிவு இது. நார்வே தேசத்தில் ஏறத்தாழ 29,000 பேரிடம் பத்தாண்டு இடைவெளியில் இருமுறை நாடி எண்ணிய மற்றோர் ஆராய்ச்சியோ இன்னும் கவனிக்கத்தக்கது: முதலில் 70-க்குக் கீழே இருந்து, பத்தாண்டில் 85-க்கு மேல் ஏறியவர்களுக்கு, 70-க்குக் கீழேயே நிலைத்திருந்தவர்களைக் காட்டிலும், இருதய ரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இருமடங்கை எட்டியது. எண் எங்கே நிற்கிறது என்பதோடு, எத்திசையில் போகிறது என்பதும் ஆரோக்கியத்தின் செய்தியைச் சொல்கிறது.

இந்த இரண்டாவது கருத்தையே நான் பெரிதும் வற்புறுத்த விரும்புகிறேன். மணிக்கட்டில் அணியும் மின்கருவிகளின் மூலம் 92,457 பேரின் நாடியைத் திரட்டி 2020-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஒருவருக்கு இயல்பாக இருக்கும் ஓய்வு நாடி மற்றொருவருக்குரியதிலிருந்து 70 துடிப்பு வரையிலும்கூட வேறுபடலாம் என்றும், ஆனால் ஒரே மனிதரின் நாடி வாரத்துக்கு வாரம் பெரும்பாலும் 10 துடிப்புக்குள்ளேயே மாறுகிறது என்றும் தெரியவந்தது. ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் 58-ஐக் கேட்டுத் தம் 74-க்காக ஒருவர் வருந்துவது வீண். தம்முடைய சென்ற ஆண்டின் 74 இந்த ஆண்டில் 84 ஆகியிருந்தால், அதைத்தான் அவர் சிந்திக்க வேண்டும்.

அப்படி ஏறுவதற்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. ஜுரம் ஏற நாடியும் ஏறுகிறது. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தால் நாடி விரைகிறது. குறைவாகச் சுரந்தால் தணிகிறது. கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு அது இயல்பாகவே உயர்கிறது. தூக்கக் குறைவும், மனக்கவலையும், உடலில் நீர் வற்றுவதும், புகையிலையும் நாடியை ஏற்றுவன. நம் நாட்டில் இவை எல்லாவற்றிலும் பரவலான காரணமாகக் கருத வேண்டியது ரத்தசோகை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை உண்டு. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், இருக்கும் ரத்தத்தையே அடிக்கடி சுற்றிவரச் செய்து இருதயம் அக்குறையை ஈடுகட்டுகிறது. இத்தகைய ஒரு பெண்ணின் நாடி 92 என்று காட்டும்போது, அவளுக்கு முதலில் வேண்டியது ஓட்டப் பயிற்சியன்று. இரும்புச் சத்தும் நல்லுணவும் வைத்தியரின் ஆலோசனையுமே.

ஏற்காட்டைப் பற்றிப் பேசும்போது காபியைச் சொல்லாமல் விட முடியாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காபிப் பயிரைப் புகுத்தினார். இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடிகள் செழிக்க, அம்மரங்களின்மீதே மிளகுக்கொடிகள் பற்றி ஏறுவதைச் சேர்வராயன் மலை முழுவதும் காணலாம். காபியிலுள்ள காஃபீன், உடலைத் தளரச்செய்யும் அடினோசின் என்னும் பொருளின் வேலையைத் தடுக்கிறது. நாள்தோறும் குடித்துப் பழகியவருக்கு ஒரு குவளை காபியால் ஓய்வு நாடி பெரிதாக மாறுவதில்லை. பழகாதவருக்கோ படபடப்பு உண்டாகலாம். ஆதலால் காபியைக் கைவிட வேண்டும் என்று யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. நாடியை எண்ணுவதானால் காலைக் காபிக்கு முன்பே எண்ணிவிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

இனி மலைக்காற்றின் கேள்விக்கு வருவோம். எவ்வளவு உயரம் சென்றாலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு 21 சதவிகிதந்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடற்கரையில் பாதரசமானியில் 760 மில்லிமீட்டராக உள்ள அழுத்தம், ஏற்காட்டின் உயரத்தில் சுமார் 635 மில்லிமீட்டராகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது என்பது இதன் பொருள். ஆனால் ஹீமோகுளோபினுக்கு ஓர் அரிய குணம் உண்டு. சுற்றியுள்ள பிராணவாயு ஓரளவு குறைந்தாலும் அது தன் கொள்ளளவைப் பெரும்பாலும் நிரப்பிக்கொண்டுவிடுகிறது. ஆகவே ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு ஏற்காட்டில் ரத்தத்தின் பிராணவாயு நிறைவு ஓரிரு சதவிகிதமே தாழ்கிறது. ஓய்வு நாடி முதல் ஓரிரு நாளில் சற்றே ஏறினாலும் அது பெரிதாகத் தெரிவதில்லை. இமயமலையில் பன்னிரண்டாயிரம், பதினையாயிரம் அடிக்கு ஏறுபவருக்கு நேரும் மாறுதல்களை இங்கே எதிர்பார்க்க முடியாது. இதற்கு நேர்மாறான வேலையைக் குளிர்ச்சி செய்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 பாகை சென்டிகிரேடுக்குச் சற்று மேல் குறையும் என்னும் கணக்கின்படி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 7 அல்லது 8 பாகை வேற்றுமை உண்டு. கொடும் வெயிலில் தேகம் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளத் தோலுக்கு மிகுந்த ரத்தத்தை அனுப்புகிறது; வியர்வையாலும் நீர் குறைகிறது; இவ்விரண்டும் நாடியை ஏற்றுகின்றன. அந்தச் சுமை மலைமேல் இறங்கிவிடுவதால் நாடி தணிகிறது. மே மாதத்துச் சுற்றுலாப் பயணி உணரும் சுகத்தில் பெரும்பகுதி இதுவே. ஆனால் அது வெயிலிலிருந்து கிடைத்த விடுதலையேயன்றி, இருதயத்துக்குக் கிடைத்த பலமன்று. அவர் சேலத்துக்கு இறங்கியதும் அந்தச் சுகமும் அவரைவிட்டு இறங்கிவிடும்.

அப்படியானால் மலை நமக்குத் தரும் நிலையான நன்மை எதில் இருக்கிறது? அதன் ஏற்றத்தில் இருக்கிறது. பத்தடி முன்செல்ல ஓரடி உயரும் சரிவில், சமதளத்தில் நடக்கும் அதே வேகத்தில் நடப்பவருக்கு, சமதள நடையைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் பிராணவாயு வேண்டியிருக்கிறது. ஓடத் தெரியாதவரும் ஓட முடியாத முதியவரும், மெதுவாக மேட்டில் நடந்தே இருதயத்துக்குத் தக்க வேலை கொடுத்துவிட முடியும். ஏரிக்கரையிலிருந்து 5,300 அடிக்கு மேலுள்ள சேர்வராயன் கோயில் வரை நடந்து செல்லும் ஒருவர், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்க நடப்பாரானால், அது அவருக்கு மிதமான, பயனுள்ள அப்பியாசம். வாரத்தில் பல நாள் இவ்வாறு சில மாதங்கள் செய்துவந்தால், ஓய்வு நாடி நாலைந்து துடிப்புகளாவது தணிவது வழக்கம். இம்மலையின் பூர்வகுடிகளாகிய மலையாளி மக்கள் சுமையோடும் வேலையோடும் நாள்தோறும் ஏறி இறங்கிய சரிவுகளை, நாம் ஆரோக்கியத்தைத் தேடி வந்த இடத்திலும் வண்டியிலேயே கடப்பது வருந்தத்தக்கது.

ஏறுவதால் நாடி எவ்வளவு உயர்கிறது என்பதைப்போலவே, நின்றபின் எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்து மருத்துவர்கள் 2,428 பேரை ஓடுபொறியில் நடக்கவிட்டுச் சோதித்து, 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடும் உழைப்பை நிறுத்திய முதல் நிமிஷத்தில் நாடி 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களுக்கு, வயது முதலிய மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும், அடுத்த ஆறாண்டில் மரண அபாயம் இருமடங்காக இருந்தது. உழைப்பு நின்றவுடன் வேகஸ் நரம்பு தன் அதிகாரத்தை மீண்டும் எவ்வளவு விரைவில் ஏற்கிறது என்பதையே இந்த இறக்கம் காட்டுகிறது. மேட்டின் உச்சியில் நின்ற கணத்திலும், ஒரு நிமிஷம் கழித்தும் நாடியை எண்ணி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டு வந்தால், தம் இருதயம் முன்னேறுகிறதா என்பதை யாரும் தாமே அறியலாம்.

சோம்பலின் தீமையையும் உழைப்பின் மீட்சியையும் ஒருசேரக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-இல், 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தச் சிறிய காலத்துக்குள் அவர்களுடைய உழைக்கும் ஆற்றல் கால்பங்குக்கு மேல் குன்றிவிட்டது. அதே ஐவரை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அழைத்துச் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஐம்பது வயதான அவர்களுக்கு ஆறுமாதம் படிப்படியாகப் பயிற்சி தந்தபோது, இளமையில் படுக்கைக்கு முன் இருந்த அளவை அவர்களுடைய ஆற்றல் மீண்டும் எட்டியது. வயதாகிவிட்டது என்று சொல்லி நாம் கைவிட்டுவிடும் வலிமையில் பெரும்பகுதி, உண்மையில் வயது கொண்டுபோனதன்று. நாமே உபயோகியாமல் இழந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நாடி தணிந்திருப்பது நல்லதென்றால், மருந்தால் அதைத் தணித்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். இருதயத் துடிப்பை மட்டும் குறைக்கும் ஐவாபிரடின் என்னும் மருந்தை, இருதயம் பலவீனமுற்று நாடி விரைந்திருந்த நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நற்பயன் கிடைத்தது. அதையே அத்தகைய பலவீனம் இல்லாத இருதய ரத்தக் குழாய் நோயாளிகள் 19,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் பரிசோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவு, எண் குறைந்ததேயன்றி மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்று காட்டியது. நாடியின் எண் ஆரோக்கியத்தின் அறிகுறி, ஆரோக்கியமே அன்று. ரத்த அழுத்தத்துக்காகத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகளை உண்பவர் தம் 56-ஐப் பார்த்து ஓட்டக்காரரின் வலிமை வந்துவிட்டதாகக் கருதலாகாது. ஓய்விலிருக்கும்போதே நாடி பலநாள் 100-க்கு மேல் இருந்தாலும், 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றலோ மயக்கமோ உண்டானாலும், துடிப்புகளின் இடைவெளி ஒழுங்கின்றி மாறி மாறி வந்தாலும், நடையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்வதே முறை. நெடுநாள் உட்கார்ந்தே வாழ்ந்தவரும், நெஞ்சுவலி கண்டவரும், மலையேறத் தொடங்குமுன் வைத்தியரின் அனுமதியைப் பெற வேண்டும்.

நாடி எண்ணும் முறை எளிது. காலையில் விழித்தவுடன் எழுந்திராமலோ, அல்லது ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகோ, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டின் ஓரத்தில் மற்ற விரல்களை மெல்லப் பதித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். கட்டைவிரலால் எண்ணினால் அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். ஒரு நாளின் எண்ணை நம்பாமல், வாரத்தின் சராசரியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, மாதங்களை ஒப்பிட வேண்டும். ஏற்காட்டிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள பள்ளிகள், தேகப்பயிற்சி வகுப்பில் இதைக் கற்பித்து, மாணவர்கள் மேட்டில் ஏறுமுன்னும் ஏறியபின்னும் தம் நாடியைத் தாமே எண்ணி வரைபடம் தீட்டச் செய்தால், சரீர சாஸ்திரத்தின் ஒரு முழு அத்தியாயம் செலவில்லாமலே அவர்களுக்கு விளங்கிவிடும். அவர்கள் வீட்டுக்குச் சென்று தாயின் நாடியையும் பாட்டியின் நாடியையும் எண்ணத் தொடங்கினால், மறைந்திருக்கும் ரத்தசோகைகள் சிலவாவது வெளிச்சத்துக்கு வரும். தோட்டங்களின் ஊடே செல்லும் பழைய ஒற்றையடிப் பாதைகளை நடப்பவர்களுக்காகச் செம்மையாக வைத்திருப்பது, சாலையை அகலப்படுத்துவதற்கு எவ்விதத்திலும் குறைந்த பொதுப்பணியன்று. ஆரோக்கியத்தை நாடி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டிறங்கி நடக்கட்டும். ஊர் திரும்பிய பின்பும், மலை இல்லாத இடத்தில் மாடிப்படியையும் பாலத்தின் மேட்டையும் தேடியாவது அந்த நடையைத் தொடரட்டும். நாலு நாள் செய்து விட்டுவிடும் அப்பியாசம் நாடியில் பதிவதில்லை; நாலு மாதம் இடைவிடாமல் செய்வது பதியும்.